ஜெபராஜுக்குச் சுவரில் எங்கே இடம்?

இந்தக் கதையின் முடிவில் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆகவே யார் யாரிடம் பேசினார்கள் என்பதைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

மருதங்குளம் பேருந்து நிலையத்தில் நீளமான ஒரு சுவர் இருந்தது. கிழிந்த சுவரொட்டிகளும் வெற்றிலைக் கறையுமாக, யாரும் சாய்ந்து நிற்கக்கூட விரும்பாத சுவர். மெஹருன் என்ற ஓவியர் நகராட்சியிடம் அனுமதி வாங்கி அதற்கு வெள்ளையடித்தார். "இதில் நான் மட்டும் வரையப் போவதில்லை. இந்த நிலையத்தில் அன்றாடம் புழங்குகிற எல்லோரும் வரையப் போகிறோம்," என்றார். இரண்டே விதிகள் வைத்தார். வரைந்த எதையும் அழிக்கக் கூடாது. வரைய வந்த யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

நேரக் காப்பாளர் சடையப்பனிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, ஒலிபெருக்கியில் வாசிக்கச் சொன்னார். அதில் 'எல்லோரும் வரையலாம்' என்று எழுதியிருந்தது. பேருந்து நேரங்களை அறிவிக்கும் அதே அவசரத்தில் சடையப்பன், "எல்லோரும் வரலாம்! எல்லோரும் வரலாம்!" என்று வாசித்துவிட்டார்.

அதனால் அப்போதைக்கு ஒன்றும் கெட்டுவிடவில்லை. எட்டிப் பார்க்க வந்தவர்கள் தூரிகைகளைக் கண்டதும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். பூ விற்கும் கனகவல்லி, சுவரின் நடுவில் ஒரு மல்லிகைச் சரம் வரைந்தார். நடத்துநர் அமலி, ஜன்னலுக்கு ஒரு முகமாகச் சிரிக்கும் பேருந்தை வரைந்தார். சடையப்பன் யானை வரைந்தார். தூய்மைப் பணியாளர்களும் தேநீர்க் கடைக்காரரும் சேர்ந்து ஒரு பெரிய மழை வரைந்தார்கள். அதுவரை ஒரே பெஞ்சில் உட்கார யோசித்தவர்கள்கூட ஒரே வாளியில் தூரிகை கழுவினார்கள். சுவர் முழுவதும் நிரம்பிவிட்டது.

திறப்பு விழாவுக்குக் கடலைமிட்டாய் விற்கும் ஜெபராஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை.

"எல்லாரும் வரலாம்னு மைக்ல சொன்னீங்களே, வந்துட்டேன். என்ன விசேஷம்?" என்றார்.

"வரலாம் இல்லண்ணே, வரையலாம். உங்களையும் சேர்த்துத்தான் கூப்பிட்டோம்," என்றார் மெஹருன்.

"நானா? வரையவா?" ஜெபராஜ் உரக்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "எனக்கு இடம் இருக்கா?"

கையளவு இடம்கூட மிச்சம் இல்லை. அழிக்கவும் கூடாது, திருப்பி அனுப்பவும் கூடாது. மெஹருன் சுவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார்.

கனகவல்லிதான் முதலில் முன்னே வந்தார். "மெஹருனம்மா, என் பூச்சரத்துல பாதிக்கு வெள்ளையடிச்சு அண்ணனுக்குக் குடுத்துடுங்க. நான் வரைஞ்சதை நானே அழிச்சா யாருக்கு நஷ்டம்?" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது.

சடையப்பன் தடுத்தார். "மேடம், தப்பு என்னோடது. என் அறையோட வெளிச்சுவரு சும்மாத்தான் கிடக்கு. அதை முழுசா அவருக்கே குடுத்துடலாம். எதையும் அழிக்க வேண்டாம்."

அமலி, ஜெபராஜின் பக்கத்தில் போய் நின்றார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன செய்யணும்?"

ஜெபராஜ் சுவரைத் தடவினார். "எல்லாம் ஒரே வழவழன்னு இருக்கும்மா. இதுல என்னதான் இருக்குன்னு முதல்ல எனக்குத் தெரியணும்."

அமலி ஓடிப்போய்ச் சுவருக்குப் பூசும் பட்டியைக் குழைத்து, பால் கவரில் அடைத்து, முனையை வெட்டிக் கொண்டுவந்தார். அதை ஜெபராஜ் பிதுக்க, ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துத் தாங்கள் வரைந்த கோட்டின் மேலேயே நடத்திச் சென்றார்கள். மெல்லிய வரப்பாகக் கோடுகள் எழுந்தன. காய்ந்ததும் அவரவர் தங்கள் கோட்டின் மேல் பழைய வண்ணத்தையே பூசினார்கள். ஜெபராஜ் விரலால் மழையைத் தொட்டார். மல்லிகையைத் தொட்டார். யானையிடம் வந்ததும் பின்பக்கத்தை இரண்டு முறை தடவினார்.

"ஏன்யா சடையப்பா, இதுக்கு வாலே இல்லையே!"

நிலையமே வெடித்துச் சிரித்தது. "அறிவிப்புல எழுத்தை முழுங்கினாரு, யானையில வாலை முழுங்கிட்டாரு!" என்றார் கனகவல்லி. ஜெபராஜ் தன் கையாலேயே ஒரு வால் வைத்தார், நுனியில் குஞ்சத்தோடு.

சிரிப்பு அடங்கியதும் வாக்குவாதம் தொடங்கியது.

"அவரு எங்க கோட்டு மேலதானே போனாரு? ஒரு வாலைத் தவிர அவரோடதுன்னு என்ன இருக்கு? நான் குடுத்திருந்தா சுவரோட நடுவுல இடம் கிடைச்சிருக்கும்," என்றார் கனகவல்லி.

"என் அறைச் சுவரு முழுக்க அவரோடதா இருந்திருக்கும்," என்றார் சடையப்பன்.

"அவரு கேட்டதைத்தான் நான் செஞ்சேன்," என்றார் அமலி.

இப்போது சொல்லுங்கள். தனக்குரியதை அழித்துக் கொடுக்க முன்வந்த கனகவல்லி, புதிய இடத்தையே முழுதாகக் கொடுக்க முன்வந்த சடையப்பன், இருக்கும் கோடுகளுக்குள் அழைத்துப்போன அமலி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

*விடை:* அமலி செய்ததே சரி. கனகவல்லியின் மனம் பெரியது. சடையப்பனின் யோசனை இரண்டு விதிகளையும் காப்பாற்றியது. ஆனால் இடம் கேட்டவர் ஜெபராஜ். அவர்கள் இருவரும் பேசியதோ மெஹருனிடம். ஜெபராஜுக்கு எது வேண்டும் என்பதை அவரைக் கேட்காமலே முடிவுசெய்துவிட்டார்கள். அமலி மட்டும்தான் அவரிடமே கேட்டார். அவர் தனிச் சுவர் கேட்டிருந்தால் அதுவே சரியாக இருந்திருக்கும். நீங்கள் சடையப்பன் பக்கம் நின்றிருந்தாலும் வருந்த வேண்டாம். மறுநாள் காலையில் ஜெபராஜ் அவர் அறைக் கதவைத் தட்டி, "அந்த வெளிச்சுவரு இன்னும் சும்மாத்தானே கிடக்கு? இப்ப எனக்கு வேணும்," என்றார்.