முதலாளி படமும் மக்கர் வைப்பரும்

சங்ககிரியில் லாரி ஓட்டிப் பிழைத்த பொன்னுரங்கம் முதலாளியான பிறகு, தன் முகத்தின் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம் வந்துவிட்டது. ஆயுதபூஜையன்று லாரிக்குள் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே தன் படத்தையும் மாட்டினார். பிரேக் மிதித்தால் அதைச் சுற்றிப் பல்புகள் எரியும்.

அன்றிலிருந்து மழையில் கண்ணாடி துடைக்கும் வைப்பர் திடீர் திடீரென்று நின்றது. ஷெட்டில் போட்டுக் காட்டினாலோ, விருந்தாளி முன்னால் சமர்த்தாக இருக்கும் குழந்தை மாதிரி ஒழுங்காக ஆடியது.

"மழையில வண்டி எடுக்கப் பயம், பழி வைப்பர் மேலயா?" என்று டிரைவர் மாரப்பனை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார் முதலாளி. "இப்ப என் கண்ணு முன்னால அது நிக்கணும். சுவிட்சையோ ஒயரையோ நீ தொடக்கூடாது. நிக்கலைன்னா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

"நான் வண்டியிலயே ஏறலீங்க முதலாளி. நீங்களே ஏறி, வைப்பரைப் போட்டுட்டு பிரேக்கை மிதிங்க, போதும்."

முதலாளி ஏறி மிதித்தார். அவர் படத்தைச் சுற்றி ஜெகஜோதியாக வெளிச்சம். வைப்பர் கண்ணாடி நடுவில் அப்படியே நின்றது. காலை எடுத்தால் ஆடியது, மிதித்தால் நின்றது.

"உங்க முகம் பளிச்சுனு தெரிஞ்சதும், எங்களை மாதிரியே அதுவும் கையைக் கட்டி நின்னுக்குதுங்க" என்றான் மாரப்பன். ஷெட்டே சிரித்தது.

பிரித்துப் பார்த்தால், பூஜை அவசரத்தில் பல்புகளை வைப்பரின் எர்த் ஒயரிலேயே முறுக்கிவிட்டிருந்தார்கள். பல்பும் வைப்பரும் சேர்ந்து இழுக்கும் மின்சாரத்தை அந்த மெல்லிய ஒயர் தாங்கவில்லை.

சாயங்காலம் கொட்டும் மழையில், வைப்பர் நிற்காமல் ஆட, மாரப்பன் லோடு எடுத்துப் போனான். முதலாளி வாசலில் நின்று பார்த்தார், லாரியிலிருந்து கழற்றிய தன் படத்தை நனையாமல் துண்டால் மூடிக்கொண்டு.