முப்பத்தேழாவது பார்

ஐம்பத்திரண்டு வயதில் செசிலி கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போனாள். கற்றுக்கொடுத்த நஸ்ரின் அவளைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் செசிலி வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டாள். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயசைப் பார்த்தால் ஆகுமா?

திண்டுக்கல் மணிக்கூண்டுக்குப் பக்கத்து மாடியில் நஸ்ரின் பேண்டு குழுக்களுக்கு இசை நோட்ஸ் அச்சடித்துக் கொடுத்துவந்தாள். அவளுடைய மென்பொருளில் கோடும் புள்ளியும் வரைகிற வேலை கிடையாது. எல்லாவற்றையும் எழுத்தாகத் தட்ட வேண்டும். பிடி என்றால் காலால் மிதிக்கும் பெரிய டிரம், எஸ்என் என்றால் குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம். தட்டி முடித்து ஒரு பொத்தானை அழுத்தினால் அழகான இசைத்தாளாக வந்து நிற்கும். எங்காவது ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் போச்சு, பக்கம் பக்கமாகத் திட்டும்.

செசிலி வந்தது ஒரே ஒரு பாட்டுக்காக. அவள் புருஷன் இன்னாசிமுத்து கோயில் பாடகர் குழுவில் முப்பது வருஷம் டிரம்ஸ் வாசித்தவர். போன வருஷம் ஈஸ்டருக்கு வாசித்ததுதான் கடைசி. அதை யாரோ செல்போனில் பதிந்து வைத்திருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய முதல் வருஷ நினைவுப் பூசை. அந்தப் பாட்டை அவர் அடித்த மாதிரியே, ஓர் அடி பிசகாமல், புது டிரம்மர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கை அந்தக் கோயிலில் இனி எப்போதும் கேட்காது. அவளுக்கு அந்த ஒரு பயம்தான்.

புதன்கிழமை மத்தியானம் நஸ்ரின் ஹெட்ஃபோனில் அந்தப் பதிவைக் கேட்டபடி திரையில் வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தாளத்தின் ஒரு சுற்றுக்குப் பெயர் பார்; ஒரு பாருக்கு எட்டு எண்ணிக்கை. எட்டு நிறையாவிட்டால் மென்பொருள் எச்சரிக்கும். ஓர் எச்சரிக்கையும் இல்லை. ஆனாலும் முப்பத்தேழாவது பாரில் அவள் விரல் நின்றது.

"அக்கா, இந்தக் கடைசி ஸ்நேர் யார் அடிச்சது?"

செசிலிக்கு முகம் சிறுத்துவிட்டது.

"நான்தான் டீச்சர்."

"ஏன்?"

"மூணு நாளா குறையுது குறையுதுன்னு இந்த ஒரு பாருக்கே சொல்லிட்டிருந்துச்சு. நூறு தடவை கேட்டுட்டேன், ஏழுதான் இருக்கு. அவரு ஒரு நாளும் தாளம் விட்டவர் இல்ல டீச்சர். அப்ப உடம்பு முடியாம இருந்தாரு, கை அசந்திருக்கும். செத்தவரோட தப்பை அச்சடிச்சு ஊருக்குக் காட்டணுமா? அதான் ஒண்ணு போட்டு நிரப்பிட்டேன். நிரப்பக் கூடாதா?"

நஸ்ரின் அந்த அடியை அழித்தாள். மென்பொருள் உடனே பழைய புகாரை எடுத்துக்கொண்டு வந்தது. செசிலிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நஸ்ரின் ஹெட்ஃபோனை நீட்டினாள்.

"அதான் கேட்டுட்டேனே டீச்சர்!"

"டிரம்மைக் கேட்டீங்க. பாட்டைக் கேளுங்க."

செசிலி தயங்கினாள். பாடியதே அவள்தான். சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சப்பட்டு, இத்தனை நாளும் அரிசியில் கல் பொறுக்குவதுபோல அவர் கையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மேஜையில் விரலால் தட்டி எண்ணிக்கொண்டே கேட்டாள். முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழு. அது முடிந்ததும் வருவது உச்சத்துக்கு ஏறுகிற வரி. ஐந்து, ஆறு, ஏழு. எட்டை எண்ண விரலைத் தூக்குவதற்குள் அவள் குரல் ஏறிவிட்டிருந்தது. ஓர் எண்ணிக்கை முந்தி! குரல் ஏறிய அதே இடத்தில், கொஞ்சமும் தயங்காமல், அவருடைய பெரிய டிரம் விழுந்தது. கீபோர்டும் கிட்டாரும் அவர் பின்னாலேயே வந்துவிட்டன. கோயில் முழுக்க ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நாலு தடவை கேட்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியில அவருகிட்ட கேட்டேன் டீச்சர், அந்த மேல் வரி சரியா வந்துச்சான்னு. 'அருமையா வந்துச்சு'ன்னாரு."

செசிலி அழுதாள். நஸ்ரின் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

பிறகு விசைப்பலகையை இழுத்து, முப்பத்தேழாவது பாருக்கு முன்னால் தாளத்தை ஏழு என்று மாற்றினாள். அது முடிந்ததும் திரும்ப எட்டு என்று போட்டாள். பொத்தானை அழுத்தினாள். மென்பொருள் வாயைத் திறக்கவில்லை. பிரிண்டரிலிருந்து தாள்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"ஞாயிற்றுக்கிழமையும் அதே மாதிரி ஏழுலயே மேல் வரியை எடுத்துருங்க, அக்கா."

செசிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளில் ஏழு என்றிருந்த எண்ணைப் பார்த்தாள்.

"இந்த ஒரு பார் மட்டும் ஏன் ஏழுன்னு எல்லாரும் கேப்பாங்களே டீச்சர். நான் அவசரப்பட்டதுதான்னு சொல்லிடட்டுமா?"

நஸ்ரின் தாள்களை மேஜையில் தட்டி ஒழுங்காக அடுக்கி அவள் கையில் கொடுத்தாள்.

"அவரே அதை உங்ககிட்டகூடச் சொல்லலையே, அக்கா."