நாலாவது அடி

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் பேச்சி என்றொரு மந்தி இருந்தது. குரங்குக் கூட்டம் ஓடையில் இறங்கித் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம், கரையிலுள்ள மருத மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்து காவல் பார்ப்பது அதன் வேலை. சிறுத்தை வந்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவில்தான் வந்தது வினை. ஒருநாள் பக்கத்துக் கிளை மைனாவோடு பேச்சி ஊர்க்கதை அளந்துகொண்டிருந்த நேரம் பார்த்துச் சிறுத்தை பாய்ந்துவிட்டது. தங்கை செவந்தி எப்படியோ தப்பியது. வாலில் பாதி மட்டும் போயிற்று. உயிர் பிழைத்ததே போதும், விடு அக்கா என்று செவந்தி சொல்லிவிட்டது. திட்டியிருந்தால்கூடப் பேச்சிக்கு மனசு ஆறியிருக்கும்.

அன்று போன நிம்மதிதான், குழந்தைகளே! கண்ணை மூடினால் அந்த அரைவால் வந்து நிற்கும். காவலில் உட்கார்ந்தால் நெஞ்சு திக்திக்கென்று அடிக்கும். சருகு விழுந்தால் சிறுத்தை என்று அலறும். அணில் ஓடினாலும் அதே அலறல். தன் நிழல் அசைந்ததற்கே ஒருநாள் தொண்டை கிழியக் கத்தியது என்றால் பாருங்களேன். கூட்டம் தண்ணீரில் வாய் வைப்பதும், அடித்துப் பிடித்து மரம் ஏறுவதுமாக இருந்தது. பாவம், குட்டிகளுக்குத் தொண்டைகூட நனையவில்லை.

தலைவன் கருமூக்கன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. கடைசியில் பேச்சியை அழைத்து, இன்னொரு தடவை வீணாகக் கத்தினால் காவலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டது. பேச்சியின் முகம் செத்துப்போயிற்று. தங்கையின் வாலுக்கு ஈடு செய்ய அதற்கு இருந்த ஒரே இடம் அந்தக் கிளைதான்.

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து ஒரு நரி கேட்டுக்கொண்டிருந்தது. சிறுத்தை தின்று போட்ட மிச்சத்தில் வயிறு வளர்க்கும் நரி அது. பேச்சியின் கூச்சலால் சிறுத்தைக்கு வேட்டை இல்லை. சிறுத்தைக்கே இல்லையென்றால் நரிக்கு ஏது? இரண்டும் பட்டினி கிடந்தன.

நரி நேராகச் சிறுத்தையிடம் ஓடியது.

"அந்த மந்தியின் கண்ணை மூடவைப்பது என் பொறுப்பு. நாளை மதியம் மூங்கில் புதர் வழியாக வாருங்கள்" என்றது.

பிறகு முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு பேச்சியிடம் வந்தது. காட்டோரத்து ஆசிரமத்தில் பல காலம் இருந்து நூல்களையெல்லாம் காதாரக் கேட்டதாகவும், மனத்தை அடக்கும் பாட்டு ஒன்று தன்னிடம் இருப்பதாகவும் சொன்னது. ஆசிரமமாவது, நூலாவது! அந்தப் பக்கம் அது போனதெல்லாம் சோற்றுப் பருக்கை பொறுக்கத்தான். பேச்சிக்கு அது தெரியாதே. கையைக் கட்டிக்கொண்டு கேட்டது.

நரி கண்ணைச் செருகிக்கொண்டு பாடியது:

"ஆற்றிலே தேடினேன், அங்கே இல்லை;
காற்றிலே தேடினேன், காணவும் இல்லை;
காடெல்லாம் தேடிக் களைத்துப் போனேன்..."

"மூன்று அடிதானே வருகிறது? நாலாவது எங்கே, நரியண்ணே?"

"அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். அதை யாரும் சொல்லித்தரக் கூடாது. காவல் கிளையில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நீயே தேடு. அது கிடைத்தால் நிம்மதியும் கிடைக்கும்."

நாலாவது அடி இருந்தால்தானே நரி சொல்லும்? மூன்று அடியும் வருகிற வழியில் இட்டுக்கட்டியவை. அதற்குமேல் அதற்குச் சரக்கு இல்லை.

மறுநாள் மதியம் கூட்டம் ஓடையில் இறங்கியது. நாலாவது அடியைத் தேடப் போகிறேன் என்று செவந்தியிடம் சொல்லிவிட்டு, பேச்சி உச்சிக் கிளையில் ஏறிக் கண்ணை மூடியது. 'கனியைத் தின்றேன், கவலை போச்சு' என்று முணுமுணுத்துப் பார்த்தது. சரியாக இல்லை. 'கட்டையாய்ப் படுத்தேன், காலும் வலித்தது' என்றது. சீ, இது ஒரு பாட்டா! அடுத்த சொல்லைத் தேடித் தேடி, அது தன்னையறியாமலே வாயை மூடிக்கொண்டது.

வாய் மூடியதும் வழக்கம்போல அந்த அரைவால் கண்முன் வந்தது. இத்தனை நாள் அதைக் கண்டு பயந்துதான் பேச்சி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. இன்று கத்தவில்லை. வால் வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, போய்விட்டது. பேச்சிக்கு அழுகை வந்தது, ஆனாலும் பாரம் குறைந்தது.

அப்போதுதான் அதற்குக் காது திறந்தது. ஓடை கல்லில் மோதும் சத்தம், கீழே செவந்தி தண்ணீர் உறிஞ்சும் சத்தம், ஒரு குட்டியின் விக்கல், மூங்கில் புதரில் சில்வண்டுகளின் ரீங்காரம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. தினமும் இருந்தவைதான். அதன் சொந்தக் கூச்சலில் ஒன்றும் காதில் விழாமல் போயிருந்தது.

நாலாவது அடி தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது.

அதே நேரம் மூங்கில் புதரில் சில்வண்டுகள் சட்டென்று ஓய்ந்தன. மற்ற பக்கமெல்லாம் கத்திக்கொண்டிருக்க, அங்கே மட்டும் ஓசை இல்லை.

பேச்சி கண்ணைத் திறந்து நேராக அங்கே பார்த்தது. மூங்கில் நிழலுக்குள் புள்ளிகள் அசைந்தன.

"மூங்கில் புதர்! எல்லோரும் ஏறுங்கள்!"

ஒரே ஒரு குரல்தான். எப்போதும் ஓயாத வாய் அன்று மதியம் முழுக்க மூடிக் கிடந்ததல்லவா, அது திறந்ததும் யாரும் நின்று யோசிக்கவில்லை. சிறுத்தை பாய்ந்தபோது கரையில் ஈர மண்தான் இருந்தது. செவந்தி, மிச்சமிருந்த வாலோடு, பத்திரமாக மெல்லிய கிளைக்குப் போய்விட்டது. அங்கே சிறுத்தையின் கனத்துக்கு ஏற முடியாது.

கூட்டம் கிளைகளை உலுக்கியது. காயும் சுள்ளியும் மழையாகக் கொட்டின. புதரோரம் ஒளிந்திருந்த நரியைப் பார்த்துச் சிறுத்தை உறுமியது.

"கண்ணை மூடவைப்பேன் என்றாயே!"

"மூடித்தான் இருந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன்" என்று நரி குழறியது.

சிறுத்தை அதை விரட்டிக்கொண்டு ஓடியது ஓடியதுதான். அப்புறம் அந்த ஓடைப் பக்கம் இரண்டையும் யாரும் பார்க்கவில்லை.

குட்டிகள் இறங்கி வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன. கருமூக்கன் தானே மரமேறி வந்து, இனி இந்தக் கிளை உன்னுடையது என்று பேச்சியிடம் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது. பேச்சிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

செவந்தி அரைவாலை ஆட்டியபடி அருகில் வந்து உட்கார்ந்தது. "அக்கா, அந்த நாலாவது அடி கிடைத்ததா?"

பேச்சி தங்கையின் வாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னது:

"கேட்கத் தொடங்கினேன், கிட்டவே இருந்தது."

நீதி: பாட்டைக் கேட்டால் மட்டும் போதாது, அதில் தன் இரைச்சலை மறந்தவருக்கே மன அமைதி வாய்க்கும்.