கேப்டன் செல்வின் பாய்லர் ஏறிய கதை

உப்புக்கரை அனல்மின் நிலையத்தில் செல்வின் தங்கதுரையைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லாருக்கும் அவர் கேப்டன். பதினான்கு வருஷம் விமானம் ஓட்டிவிட்டு, தொப்பியையும் தோள்பட்டைக் கோடுகளையும் கழற்றி வைத்துவிட்டு, நாற்பத்தோரு வயதில் பாய்லர் பிரிவில் வந்து சேர்ந்தவர். ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு ஒரு புதுக் கதை கிடைக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை டீ நேரத்தில் ஷிப்ட் எஞ்சினியர் ஜெபா கேண்டீனுக்கே வந்துவிட்டாள். பாய்லரின் உச்சியில் டிரம் என்று ஒரு ராட்சச இரும்புக் கொப்பரை உண்டு. அதில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை அங்கிருக்கும் ஒரு கேமரா கீழே காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கேமரா அன்றைக்குக் கண்ணை மூடிவிட்டது. லிப்டையும் பழுது பார்க்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

"மத்த மீட்டரெல்லாம் சரியாத்தான் காட்டுது. ஆனாலும் ஒருத்தர் நேர்ல போய்ப் பார்த்துச் சொல்லணும். பன்னிரண்டு மணிக்குள்ள. சுடலை, நீங்க ஏறிடுறீங்களா?"

வால்வு பிட்டர் சுடலைமணி வடையை வாயிலிருந்து எடுத்தான். "நல்லா கேட்டீங்க மேடம். கேப்டன் அண்ணாச்சி இருக்கும்போது நான் ஏறுறதா? முப்பதாயிரம் அடியில பறந்த மனுசன். நம்ம பாய்லர் அவருக்கு வீட்டு மச்சுப்படி மாதிரி!"

கேண்டீன் மொத்தமும் செல்வின் பக்கம் திரும்பியது. அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். இந்த வேலைக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவர் தரைத்தளத்தைத் தாண்டியதே இல்லை. மேலே வேலை என்றால் அன்றைக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்; இல்லாவிட்டால் பம்பு ஹவுஸில் அவசர வேலை முளைத்துவிடும்.

"ஏறுதேன்" என்றார் செல்வின். "எனக்கென்ன? ஆனா நான் ஏறினா பாய்லருக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சிரும். எங்களுக்குள்ள பழைய பகை."

"பாய்லருக்கும் உமக்குமா?" என்றான் சுடலைமணி.

"பின்ன? நான் வேலைய விட்டதே இதாலதான் வே!"

ஜெபா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து நிமிஷம் கேப்டன். அதுக்குமேல கிடையாது" என்று சொல்லி, பெஞ்சில் அவளும் உட்கார்ந்துகொண்டாள். செல்வினுக்கு அந்தப் பத்து நிமிஷம் பொன்னாகத் தெரிந்தது. ஆரம்பித்தார்.

"ஆடி மாசம். சென்னையில இருந்து தூத்துக்குடிக்கு வாறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து அன்னைக்கு வழி தவறி இந்தப் பக்கம் வந்துட்டு. நான் ஐநூறு கிலோமீட்டர் வேகத்துல போறேன், காத்து எதுக்க ஐநூத்திப் பத்துல வருது. கணக்குப் போட்டுப் பாரும்."

"அப்போ பின்னாலல்லா போயிருப்பீரு?"

"பின்னாலதான் போனேன்! கோவில்பட்டியில இருந்து சாத்தூரு, சாத்தூருல இருந்து விருதுநகரு. ஒருத்தர் எந்திரிச்சு, எங்க ஊரு வந்துட்டு, எறங்கிக்கிடுதேன்னு பெட்டியத் தூக்கிட்டாரு. நான் மைக்கைப் புடிச்சு, பயணிகள் கவனத்திற்கு, இன்னும் சிறிது நேரத்தில் நாம் கிளம்பிய இடத்துக்கே வந்து சேருவோம், உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றின்னு சொல்லுதேன். பொறவு பெரிய அறிவாளி மாதிரி, தெக்கே பாத்தா வடக்கே போவுது, அப்போ வடக்கே பாத்தா தெக்கே போவும்னு விமானத்தோட மூக்கை வடக்கே திருப்பினேன். காத்து முதுகுல ஒரு தள்ளு தள்ளிச்சு பாரும், சென்னையும் நெல்லூரும் ஜன்னல்ல தந்திக்கம்பம் மாதிரி ஓடுது. காத்து கொறஞ்ச பொறவு திரும்பி இங்க வந்து சேருறதுக்குள்ள பெட்ரோல் தீந்துட்டு."

"பிளேனுக்கு ஏது பெட்ரோலு? மண்ணெண்ணெய் மாதிரி ஏதோல்லா ஊத்துவாங்க?" சுடலைமணி கண்ணைச் சுருக்கினான்.

"தீந்துபோன பொறவு எதுவா இருந்தா என்ன வே? கீழ பாக்கேன், நம்ம புகைபோக்கி. அதுல இருந்து வந்த சூட்டுப்புகை விமானத்தோட வயித்துல முட்டி, அப்படியே தாங்கிக்கிட்டு. இட்லிக் கொப்பரை மேல மூடி ஆடுமே, அப்படி ஆடிக்கிட்டு நிக்கோம். நூத்தியெம்பது பேரு. மூணு மணி நேரம். லக்கேஜ்ல யாரோ வச்சிருந்த மாவு பூரா இட்லியா வெந்துட்டு. அதைத்தான் எல்லாருக்கும் பரிமாறினோம்."

கேண்டீன் நடத்தும் செல்லக்கனி கரண்டியோடு வெளியே வந்தாள். மாவு விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. "சட்னிக்கு என்ன பண்ணினீங்க?"

"அதான்க்கா வினையாப் போச்சு. நூத்தியெம்பது உசுரைக் காப்பாத்தினவன்னு ஒருத்தராவது ஒரு வார்த்தை எழுதணுமே! சட்னி இல்லன்னுதான் நூத்தியெம்பது பேரும் புகார் எழுதினாங்க."

சிரிப்பு அடங்க விடாமல் செல்வின் அடுத்ததைப் பிடித்தார். ஜெபா இரண்டாம் முறையாகக் கடிகாரத்தைப் பார்த்ததை அவர் கவனித்திருந்தார்.

"இங்க கீழ என்னாச்சு? புகை போக வழியில்ல. பாய்லருக்கு மூச்சு முட்டுது. எஞ்சினியர் ஒருத்தர் வெளிய வந்து, யாரு வண்டி இது, வாசலை அடைச்சு நிறுத்தியிருக்கு, எடும்னு கத்துதாரு. நான் எங்கிட்டு எடுக்க? பாய்லர் நின்னுட்டு. மூணு மாவட்டம் இருட்டாயிட்டு. எனக்குன்னா மானம் போவுது. அப்போதான் பாக்கேன், எஞ்சின் விசிறி ரெண்டும் காத்துக்குத் தானா சுத்துது. ஒரு வயரைப் புடிச்சுக் கீழ எறிஞ்சேன். முந்நூறு மெகாவாட்டு!"

"யம்மாடி!"

"ஆனா அது பறக்குற கரண்டு பாத்துக்கிடும். அதுல வந்துச்சு கேடு. கயத்தாறுல ஒருத்தர் சாப்பிட உக்காந்து டேபிள் பேனைப் போட்டிருக்காரு. பேன், மேசை, அவரு, எல்லாம் ஜன்னல் வழியா கெளம்பிட்டு. திருச்செந்தூரு வரைக்கும் பறந்து, கடற்கரையில ஒரு வட்டம் அடிச்சு, திரும்ப அதே வீட்டுல வந்து எறங்கினாரு. இலையில சாம்பாரு சிந்தல. எங்க ஆபீஸ்ல அதைப் பாத்துட்டு, உன்னைவிட இவரு நல்லா ஓட்டுதாருன்னு என் சீட்டை அவருக்குக் குடுத்துட்டாங்க. அவரு இப்போ சிங்கப்பூருக்கு ஓட்டுதாரு. நான் இங்க உங்ககூட டீ குடிக்கேன்."

சுடலைமணி பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ஜெபாவும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பதினொன்னு இருபது, கேப்டன். படி அந்தப் பக்கம்."

இனிப் பேச ஒன்றுமில்லை. செல்வின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வாக்கிடாக்கியையும் எடுத்துக்கொண்டு போனார்.

பாய்லர் படிகள் வெறும் இரும்புக் கம்பிப் பின்னல். காலுக்குக் கீழே தரை வரைக்கும் தெரியும். முதல் தளம் வரை கைப்பிடியை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினார். இரண்டாவதில் சட்டை நனைந்துவிட்டது. மூன்றாவதில் தெரியாத்தனமாகக் கீழே பார்த்தார். நிலக்கரி லாரி தீப்பெட்டி அளவில் நின்றது. உடனே இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலையில் இதே பயம்தான் முதன்முதலாக வந்தது. ஐந்தாவது மாடியில் நண்பர் வீட்டு பால்கனியில் நின்றவருக்குத் திடீரென்று தரை தன்னை இழுப்பதுபோல் இருந்தது. களைப்பு என்று நினைத்தார். மறுவாரம் விமானம் இறங்கும்போது, கண்ணாடிக்கு அப்பால் ஓடுபாதை விளக்குகளைப் பார்த்ததும் கை விறைத்தது. பக்கத்தில் இருந்த துணை விமானியிடம், "நீ இறக்கு" என்றார். அந்தப் பெண் அழகாக இறக்கினாள். மறுநாள் காலை மருத்துவரிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொன்னார். அதன்பிறகு அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் துணிவு வராத இடத்தையெல்லாம் கதை போட்டு அடைத்துவந்தார்.

"என்ன அண்ணாச்சி, போல்ட்டு எத்தனைன்னு எண்ணுதீரா?"

வாக்கிடாக்கியில் சத்தமே வராததால் சுடலைமணி ஏறி வந்திருந்தான். செல்வினின் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்கு உயரம்னா பயம் வே" என்றார் செல்வின். "கால் வரமாட்டேங்கு."

சுடலைமணி அவரைத் தாண்டி ஒரு படி மேலே ஏறினான். முதுகைக் காட்டி நின்றான். "என் பெல்ட்டைப் புடியும். கண்ணை என் முதுகுல வையும். கீழயும் பாக்காதீரும், மேலயும் பாக்காதீரும். என் சட்டையில ஒரு கிழிசல் இருக்கு, அதையே பாரும்."

அந்தக் கிழிசலைப் பார்த்துக்கொண்டே செல்வின் தங்கதுரை அறுபத்திரண்டு மீட்டர் உச்சி வரை ஏறினார். டிரம்மின் இருநிற அளவுக் கண்ணாடியில் தண்ணீர் பச்சையாகவும் அதற்கு மேலே நீராவி சிவப்பாகவும் தெரிந்தது. சரிபாதி. வாக்கிடாக்கியில் அதைச் சொன்னார். கீழேயிருந்து ஜெபாவின் பதில் வந்தது: "நன்றி கேப்டன். இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு."

கேண்டீனுக்குத் திரும்பியபோது எல்லாரும் காத்திருந்தார்கள். செல்வினுக்கு மனசு லேசாகியிருந்தது. ஏறியதுதான் ஏறியாகிவிட்டது, இதையும் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. செல்லக்கனி கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"இவ்வளவு நாளா சொன்னதெல்லாம் சும்மா. இப்போ நெசத்தைச் சொல்லுதேன். எனக்கு உயரத்துல நிக்கவே பயம். அதனாலதான் பைலட் வேலைய விட்டேன். வேற ஒரு காரணமும் கிடையாது."

கூரைத் தகரம் அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு கிளம்பியது. ஜெபா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். செல்வின் சாட்சிக்குச் சுடலைமணியைப் பார்த்தார். அவன் வடையில் மிளகாய் பொறுக்குவதில் மும்முரமாக இருந்தான்.

செல்லக்கனி மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிளேன் ஓட்டினவருக்கு உயரம்னா பயமாம்! போங்க அண்ணாச்சி. புளுகுறதுன்னாலும் நம்புற மாதிரி புளுகத் தெரியணும்."