ஊமைச்சி ஆட்காட்டியான கதை

மனுஷனுக்கும் மிருகத்துக்கும் பறவைக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஆட்காட்டிக் குருவிக்கு ஆட்காட்டி என்று பேர் கிடையாது. ஊமைச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தானாக வாயே திறக்காது. கேட்டால் பதில் சொல்லும், அதுவும் இரண்டு வார்த்தை. இன்றைக்கு அதன் கூப்பாட்டைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், கதையைக் கேளுங்கள்.

ஊமைச்சி குடியிருந்தது ஒரு கண்மாய்க்குள். மூன்று வருஷமாக மழை இல்லை. தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் ஊறும். அன்றன்றைக்கு ஊறுவது அன்றன்றைக்குத் தீர்ந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் உயிரோடு மிஞ்சிய எல்லாமே அங்கேதான் வந்து குடிக்க வேண்டும். அது வேடனுக்கும் தெரியும்.

அதனால் அங்கே காவலுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்மேடு. நாளுக்கு ஒருவராக மேட்டில் நிற்க வேண்டும். மற்றவர்கள் குனிந்து குடிப்பார்கள். ஆள் வந்தால் மேட்டில் நிற்பவர் குரல் கொடுப்பார், எந்தப் பக்கம் ஓடுவது என்றும் சொல்வார். எல்லோரும் குடித்த பிறகுதான் அவர் இறங்கிக் குடிக்கலாம். கோடை முற்ற முற்ற, கடைசியில் இறங்குகிறவருக்குச் சேறுதான் கிடைத்தது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மேட்டில் நிற்பவரைத் தவிர வேறு யாரும் குரல் கொடுக்கக் கூடாது. கிறுக்குத்தனம் என்று நினைக்காதீர்கள். ஒரு வருஷம் வேடனைப் பார்த்ததும் ஆளாளுக்குக் கத்தினார்கள். வடக்கே ஓடு என்றது ஒன்று, தெற்கே ஓடு என்றது இன்னொன்று. மான்கூட்டம் தன் குட்டிகளையே மிதித்துக் கொன்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது. அடுத்தவர் முறையில் வாயைத் திறந்தால் உன்மேல் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அந்தக் கண்மாயில் அதைவிடப் பெரிய மரியாதைக்குறைவு கிடையாது.

அந்த வருஷம் ஊமைச்சி கருவேலம்புதருக்குள் நாலு முட்டை இட்டிருந்தது. அப்போதெல்லாம் அது புதருக்குள்தான் கூடு வைக்கும். இணையைப் பருந்து கொண்டுபோய்விட்டது. மாற்றி உட்கார ஆள் இல்லை. கொஞ்ச நேரம் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், ஒரு நாள் முழுக்க எழுந்து போனால் முட்டை வெந்துவிடும். அந்த நேரம் பார்த்து மறுநாள் அதன் முறை என்று வந்தது.

என்ன செய்வது என்று புதர் வாசலில் நின்று விழித்துக்கொண்டிருந்தபோது முயல் வந்தது. ஒரு காது கிழிந்த முயல். அன்றைய முறை அதனுடையது. அப்போதுதான் மேட்டை விட்டு இறங்கியிருந்தது.

“நாளைக்கு உன் முறைல்லா தாயி?” என்றது முயல்.

“ஆமா.”

“முட்டைய விட்டுட்டு எப்பிடி நிப்ப? நீ இரு. நாளைக்கும் நானே நின்னுக்கிடுதேன்.”

“நீங்க இன்னைக்கே தண்ணி குடிக்கலியே அண்ணாச்சி.”

“சேத்த நக்கிட்டுத்தான் வாரேன். போதும்.”

ஊமைச்சி புதருக்குள் திரும்பி முட்டைகளைப் பார்த்தது. பிறகு, “உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?” என்று கேட்டது. அதன் ஆயுசிலேயே நீளமான பேச்சுகளில் அதுவும் ஒன்று.

முயல் கிழிந்த காதைச் சொறிந்தபடி யோசித்தது. “எதுக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? யாராவது நிக்கணும்லா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஊமைச்சி தண்ணீர் குடிக்க ஓடியது. பள்ளத்தில் நல்ல கூட்டம். காடை, கீரி, மான் எல்லாம் இருந்தன. பக்கத்துப் புதர்க் கவுதாரி தன் மூன்று குஞ்சுகளோடு நின்றது. ஊமைச்சிக்கு அது மதினி முறை. நல்லவள்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

“என்ன மதினி, உன் முறைக்கு ஆள் பிடிச்சிட்டியாமே?” என்றது கவுதாரி, எல்லோர் காதிலும் விழும்படி. “பேசாமலே இருந்துக்கிட்டுக் காரியத்தச் சாதிச்சிட்டியே.”

காடை சிரித்தது. கீரிகூடச் சிரித்தது. ஊமைச்சிக்கு முகம் செத்துப்போனது. எட்டப் போய் நின்றுகொண்டு குனிந்து குடித்தது.

நிமிர்ந்தபோது எருக்கஞ்செடிக்குப் பின்னால் வேடன் தெரிந்தான். முழங்காலிட்டு நகர்ந்து வந்துகொண்டிருந்தான். கையில் வீசி எறியும் வளைதடி. அவன் கண் கவுதாரி மேல் இருந்தது. கவுதாரி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குஞ்சுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ஊமைச்சியின் மனதுக்குள் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் அது மேட்டைப் பார்த்தது. முயல் உட்கார்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. வேடன் வரும் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டார், இதோ குரல் கொடுப்பார் என்று ஊமைச்சி நினைத்தது. பிறகு சுற்றிலும் பார்த்தது. மான் எருக்கஞ்செடியைப் பார்த்தது, மேட்டைப் பார்த்தது, மறுபடி குனிந்துகொண்டது. கீரியும் பார்த்தது, சும்மா நின்றது. யாருமே பதறவில்லை. யாரும் பதறாதபோது நாம் மட்டும் எதற்குப் பதறுவது என்று இருந்தது ஊமைச்சிக்கு. குரல் என்னவோ தொண்டைவரைக்கும் வந்தது. வந்த குரலை அது விழுங்கிக்கொண்டது. விழுங்கும்போது உள்ளே ஒரு ஓரத்தில், அந்த வாய் பேசினதுக்குக் கவுதாரி கொஞ்சம் பயந்து ஓடட்டுமே என்றும் ஒரு நினைப்பு இருந்தது. சின்ன நினைப்புதான்.

வளைதடி வந்து விழுந்தது. கவுதாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேடன் அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

சிதறி ஓடியவையெல்லாம் திரும்பி வந்தன. முயல்மேல் எல்லோருக்கும் ஆத்திரம். கீரிதான் முதலில் மேட்டில் ஏறியது. “ஏன்வே, கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டு என்னத்தப் பாத்தீரு?” என்று முயலின் தோளைத் தட்டியது. முயல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. விறைத்திருந்தது. இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் வெயிலில் உட்கார்ந்தே செத்துப்போயிருந்தது.



“நான் பாத்தேன். முயலு பாத்திருக்கும்னு இருந்துட்டேன்,” என்றது காடை.

“நானுந்தான் பாத்தேன்,” என்றது மான். “கீரி சும்மா நிக்கவும், ஒண்ணும் இல்ல போலன்னு நெனச்சேன்.”

“நீ குடிச்சிக்கிட்டே இருந்த. அதப் பாத்துத்தான் நான் சும்மா நின்னேன்,” என்றது கீரி.

பேசிப் பேசிப் பார்த்ததில் யார்மேலும் தப்பு இல்லை என்று தெரிந்தது. தலைவிதி என்று சொல்லிக்கொண்டார்கள். தாகமாக இருந்தது. இறங்கிப் போய்க் குடித்தார்கள். இன்றைக்கு உண்மையில் யார் முறை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊமைச்சி சொல்லியிருக்கும்.

குஞ்சுகள் மூன்றும் தாய் விழுந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. ஊமைச்சி புதருக்குக் கூப்பிட்டது, வரவில்லை. மண்ணைக் கிளறிப் பூச்சி எடுத்துப் போட்டது, தின்னவில்லை. தாய் ஒரு தினுசாகக் கொக்கரித்தால்தான் அவற்றுக்குத் தின்னத் தெரியும். அந்தக் கொக்கரிப்பு ஊமைச்சிக்கு வரவில்லை. கடைசியில் நடுவெயிலில் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழலாக நின்றுகொண்டது. அந்தப் பக்கம் புதருக்குள் நாலு முட்டையும் கேட்பாரில்லாமல் வெந்துகொண்டிருந்தன. ஊமைச்சிக்கு அது தெரியும். எந்த முட்டைகளுக்காக முயல் மேட்டில் ஏறியதோ அந்த முட்டைகள். போகலாம் என்று ஒரு அடி எடுத்து வைக்கும், குஞ்சு கத்தும், திரும்பிவிடும்.

முதல் குஞ்சு அன்றைக்கே போயிற்று. இரண்டாவது மறுநாள் காலையில் போயிற்று. மூன்றாவது குஞ்சு மட்டும் இறக்கைக்கடியில் படுத்தபடி ஊமைச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அத்தை, எங்க அம்மைய அடிக்க வந்தவன நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“பொறவு ஏன் கூப்பிடல?”

ஊமைச்சி இறக்கையை இன்னும் கொஞ்சம் விரித்தபடி சொன்னது. “முயலு கண்ணத் தொறந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு. பாக்குதுன்னு நெனச்சேன்.”

குஞ்சு கண்ணை மூடிக்கொண்டே சொன்னது. “முயலு எப்பவும் கண்ணத் தொறந்துக்கிட்டுத்தானே தூங்கும். அம்மை சொல்லிருக்கா.”

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண்மாயில் பிறந்து பத்து நாள் ஆன குஞ்சுக்கும் தெரியும். ஊமைச்சிக்கும் தெரியும், முந்தின நாளும் தெரியும். தெரிந்திருந்தும் அந்தத் திறந்த கண்ணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.   மத்தியானத்துக்குள் அந்தக் குஞ்சும் போய்விட்டது.

ஊமைச்சி மேட்டில் ஏறி நின்றது. முந்தின நாள் விழுங்கிய குரல் அப்போதுதான் வெளியே வந்தது. கண்மாயே அதிரும்படி கத்தியது. குடித்துக்கொண்டிருந்தவை தலைதெறிக்க ஓடின. சுற்றுமுற்றும் பார்த்தால் வேடன் இல்லை, யாருமே இல்லை. வெறும் எருக்கஞ்செடி.

அதற்குப் பிறகு அது நிறுத்தவே இல்லை. யார் முறை, எவர் முறை என்று பார்க்கவில்லை. வேடன் வந்தால் கத்தியது, நாய் வந்தால் கத்தியது, ஆடு மேய்க்கிறவன் தடியோடு போனாலும் கத்தியது. நரியைத் தேடி ஆள் வந்தபோது நரிக்காகவும் கத்தியது. நரி அதன் பரம எதிரி. அந்தக் கோடையில் வேடன் எட்டு முறை வந்து வெறுங்கையோடு போனான். யாரும் ஊமைச்சிக்கு நன்றி சொல்லவில்லை, தண்ணீர் குடிக்க விடாமல் உயிரை எடுக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

ஒருநாள் காடை நேரிலேயே வந்து கேட்டுவிட்டது. “யாருக்காக இப்பிடித் தொண்ட கிழியக் கத்துத? எங்களுக்காகவா? நாங்க கேக்கலியே. நீ கத்துனா செத்தவ எந்திரிச்சு வந்துருவாளா?”

ஊமைச்சிக்குப் பதில் சொல்ல ஆசை. உங்களுக்காக இல்லை, சும்மா இருந்தால் அந்தக் குஞ்சின் கேள்வி கேட்கிறது, கத்துகிற நேரம் மட்டும்தான் அது கேட்காமல் இருக்கிறது என்று சொல்ல நினைத்தது. வாயைத் திறந்தது. பேச்சு வரவில்லை. கத்திக் கத்தி, இருந்த இரண்டு வார்த்தையும் தேய்ந்துபோயிருந்தன. கூப்பாடு மட்டும்தான் வந்தது. காடை தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டது.

பிறகு மழை பெய்தது. கண்மாய் நிறைந்தது. மேடு கரைந்துபோனது, முறையும் கூடவே போனது. எல்லாம் மறந்தன. ஊமைச்சிக்கு மட்டும் மறக்கவில்லை. புது இணை சேர்ந்த பிறகு, புதருக்குள் உட்கார்ந்தால் வெளியே ஆள் வருவது தெரியாது என்று அடுத்த முட்டைகளை வெட்டவெளியில், கட்டாந்தரையில் இட்டது. ஆளைக் கண்டதும் எழுந்து கத்தும். கத்துகிற இடத்தைச் சுற்றித் தேடினால் முட்டை கிடைக்கும் என்று ஆட்கள் கண்டுகொண்டார்கள். எடுத்துப் போனார்கள். அதுவும் ஊமைச்சிக்குத் தெரியும். தெரிந்தும் மறுநாள் ஆள் வந்தபோது எழுந்து கத்தியது. தூக்கம் போய், கண்ணுக்கு முன்னால் சதை சிவந்து தடித்து நின்றுவிட்டது.

நம்மிடையேயும் இப்படி ஒருவர் இருப்பார். யார் வீட்டில் என்ன என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், சோறு தண்ணீர் பார்க்க மாட்டார், போதும் போங்கள் என்றாலும் போக மாட்டார். நல்ல மனசு என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். நல்ல மனசாகவும் இருக்கலாம். எனக்கென்னவோ அவர் கண்ணோரத்தைத்தான் பார்க்கத் தோன்றும்.

அன்றைக்கு ஒருமுறை கூப்பிடாமல் விட்டதற்குத்தான், இன்றுவரை ஆட்காட்டி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கவுதாரிதான் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.