வரிசையில் ஒரு சின்னச் செருப்பு

கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஹவுசிங் போர்டு. அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் ஒரு குரு இருந்தார். அவருக்கு ஒரே ஒரு சீடர், கன்னியப்பன். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். குருவைவிட வயதில் ரொம்ப மூத்தவர்.

"சீடனுக்குத் தாடியே நரைச்சுப் போச்சு, குருவுக்கு இன்னும் மீசை சரியா முளைக்கல" என்று ஹவுசிங் போர்டில் கேலி பேசுவார்கள். கன்னியப்பன் காதில் வாங்க மாட்டார்.

ஒருநாள் அவர் கேட்டார். "சாமி, இந்த ஜனங்களுக்கு நான் ஏதாவது செய்யணும். எங்கே போகட்டும்?"

"அழுகைச் சத்தம் எங்கே அதிகமா கேக்குது?"

"சின்னாஸ்பத்திரியிலதான்."

"அங்கே போங்க பெரியவரே."

ஆரம்ப சுகாதார நிலையத்தைத்தான் அங்கே எல்லாரும் சின்னாஸ்பத்திரி என்பார்கள். ஒரே டாக்டரம்மா. அவர் வருவதற்குள் வாசலில் தள்ளுமுள்ளு நடக்கும். பலம் இருக்கிறவன் முன்னால் போவான். கட்சிக்காரன் பின்பக்கமாகப் போவான். ஜுரத்தோடு வந்தவர்கள் வெயிலில் நின்று மயங்கி விழுவார்கள்.

கன்னியப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணி லாரிக்குக் குடம் வைத்து இடம் பிடிப்போம் இல்லையா, அதே மாதிரி. விடியும்போது ஆளுக்கு ஒரு பொருளை வரிசையில் வைக்க வேண்டியது. செங்கல்லோ, செருப்போ, பாட்டிலோ.

"வெச்சிட்டு வீட்டுல போய்ப் படுங்க. உங்க இடம் எங்கேயும் போகாது. நான் காவல் இருக்கேன்" என்றார்.

சண்டை நின்றது. கட்சிக்காரனும் செங்கல் வைத்தான். நலச்சங்கத்தில் கன்னியப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைக் கொண்டுவந்து குருவிடம் காட்டினார்.

"நல்லது" என்றார் குரு.

பி பிளாக்கில் டில்லிராணி என்று ஒரு பெண். அவளுடைய சின்னக் குழந்தை அப்போதுதான் நடக்கக் கற்றுக்கொண்டிருந்தது. சந்தையில் ஒரு ஜோடி செருப்பு வாங்கிப் போட்டிருந்தாள். நடந்தால் கீச் கீச்சென்று கத்தும் செருப்பு. அந்தச் சத்தத்தைக் கேட்கவே குழந்தை ஓயாமல் நடக்கும்.

குழந்தைக்கு ஜுரம் வந்தது. விடியற்காலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். வரிசையில் வைக்கக் கையில் ஒன்றும் இல்லை. குழந்தையின் காலிலிருந்து ஒரு செருப்பைக் கழற்றி வைத்தாள். தூறல் போட்டது. பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வெயில் ஏறியபோது ஓடி வந்தாள். பிள்ளை தோளில் துவண்டு கிடந்தது.

"அண்ணே..."

"உன் பொருள் எதும்மா?"

"அந்தச் செருப்புண்ணே. புள்ளைக்கு..."

"அங்கே போய் நில்லு. இப்ப செங்கல். அப்புறம் பச்சை பக்கெட்டு. அதுக்கப்புறம் நீதான்."

செங்கல்லுக்குச் சொந்தக்காரர் டீக்கடையில் இருந்தார். பச்சை பக்கெட்டுக்குச் சொந்தக்காரி வீட்டை விட்டே கிளம்பவில்லை. யாருடைய முறையும் போய்விடக் கூடாது என்று கன்னியப்பன் இருவருக்கும் ஆள் அனுப்பினார். அவர்கள் வருகிறவரை டாக்டரம்மாவின் வாசல் காலியாகக் கிடந்தது.

"அந்தப் பொண்ணை விடுய்யா" என்றாள் ஒருத்தி.

"எங்க வூட்லயும் புள்ளைங்கதான் இருக்குது" என்றாள் இன்னொருத்தி.

"எல்லாரும் ஒண்ணுதான்" என்றார் கன்னியப்பன்.

டில்லிராணிக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். செருப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பிள்ளையின் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவள் முறை வந்தது.

"இவ்வளவு நேரம் எங்கேம்மா இருந்தே?" என்று டாக்டரம்மா கத்தினார். அப்புறம் அவர் கத்தவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார். பிள்ளை போய்விட்டது.

செருப்பு வரிசையிலேயே கிடந்தது. மறுநாள் பெருக்க வந்தவளின் விளக்குமாறு பட்டு அது கீச்சென்றது. அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. விடியற்காலையில் வந்தவர்கள் அதற்குப் பின்னால்தான் தங்கள் பொருள்களை வைத்தார்கள்.

கன்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டகைக்கு வந்தார்.

"சாமி, நான் ஓரவஞ்சனை செய்யல. ஒருத்தன்கிட்டயும் ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்ல. எங்கே தப்பு செஞ்சேன்?"

"காலையில ஆஸ்பத்திரிக்கு வர்றேன்" என்றார் குரு.

வந்தார். வரிசையின் கடைசிக்குப் போனார். அங்கே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. அதன் முன்னால் குந்தினார்.

"உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். அடுத்து ஒரு கருங்கல்.

"உனக்கு என்னப்பா? எங்கே நோவுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சாமிக்கே ஊசி போடணும் போலிருக்கே. முதல்ல அவரை உள்ளே அனுப்புங்கப்பா" என்றான் ஒருத்தன்.

குரு திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பையிடம் கேட்டார். உடைந்த நாற்காலிக் காலிடம் கேட்டார். ஒவ்வொன்றிடமும் கேட்டுவிட்டு, பதில் வருமென்று நம்புகிறவர் மாதிரி காத்திருந்தார்.

கன்னியப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. "சாமி, எழுந்திருங்க. கல்லு எப்படிப் பேசும்?"

குரு நகர்ந்தார். வரிசையின் தலைக்கு வந்தார். சின்னச் செருப்பு. அதனிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதன் பக்கத்தில், டில்லிராணி குந்தியிருந்த இடத்தில், சும்மா உட்கார்ந்தார்.

சிரிப்பு நின்றுபோனது.

ரொம்ப நேரம் கழித்துக் கன்னியப்பனும் உட்கார்ந்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"சாமி, அவளுக்கு மூத்தது ஒண்ணு இருக்குது. பொம்பளப் புள்ளை, மோனிஷா. இப்ப அதுக்கும் ஜுரமாம். மெடிக்கல்ல மருந்து வாங்கி ஊத்துறா. ஆஸ்பத்திரி சிஸ்டர் போய்க் கூப்பிட்டாங்க. கதவைத் தாப்பா போட்டுக்கிட்டாளாம். 'அங்கே வரமாட்டேன், என் புள்ளையை வரிசையில வைக்கமாட்டேன்'னு உள்ளேருந்து அழுவுறாளாம்."

குரு கேட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பாக்குறேங்கறாங்க. அவ கதவைத் திறந்தாப் போதும். போக வேண்டியவன் நான்தான். ஆனா போய் என்னன்னு சொல்லுவேன் சாமி? மன்னிச்சுடுன்னு சொல்லவா? நான் நியாயமாத்தான் நடந்தேன்னு சொல்லவா?"

"எதுவும் சொல்ல வேண்டாம். கேளுங்க."

"என்னன்னு கேக்குறது?"

குரு சின்னச் செருப்பை எடுத்தார். சத்தம் வராதபடி, ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தார். கன்னியப்பனின் கையில் வைத்தார்.

"இப்ப கல்லுகிட்ட கேட்டேனே பெரியவரே, அதைத்தான்."