பன்னெண்டு காட்டிய மீட்டர்

"மூணாவது பெட்ரோல் பம்பையும் வாங்கி மாட்டிடுறேன் மாஸ்டர். எனக்கு வேற வழி தெரியல."

"ரெண்டாவது பம்பு என்ன தப்புப் பண்ணுச்சு?" என்று கேட்டாள் மும்தாஜ்.

பொம்மையன் கழற்றிப் போட்ட பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

போடியில் மலைச்சாலை தொடங்குகிற இடத்தில் இருந்தது மும்தாஜின் ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறை. பொம்மையன் அவளைவிட வெகுவாக மூத்தவர். லாரி ஓட்டி அலுத்துப்போய், வயரிங் வேலை கற்க அவளிடம் வந்து சேர்ந்தவர். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

எதிரே நின்றது சகாயத்தின் பழைய பெட்ரோல் எஸ்யூவி. ஊருக்கு அது வெறும் ஜீப்புதான். காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும், சாயங்காலம் இறக்கிக் கொண்டு வரும்.

போன வாரம் கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் அணைந்துவிட்டது. வண்டி பின்னால் உருண்டு தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. ஏறியிருந்த பெண்களில், பயந்து குதித்த பேச்சியம்மாளுக்குக் கை ஒடிந்தது.

அதற்கு முந்தின நாள்தான் பொம்மையன் புது பம்பு மாட்டி, "தைரியமாக் கொண்டு போப்பா" என்று வண்டியை அனுப்பியிருந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் நடந்தார். ரிலேயை மாற்றினார். பியூஸை மாற்றினார். பம்பை மறுபடி மாற்றினார். வண்டி பட்டறையில் நன்றாக ஓடியது. மலையில் பாதி தூரம் ஏறியதும் திணறியது.

"பம்புக்குக் கரண்ட் வருதா?" என்றாள் மும்தாஜ்.

"வருது மாஸ்டர். சாக்கெட்டைக் கழட்டி மீட்டர் வச்சுப் பாத்தேன். முழுசா பன்னெண்டு."

"கழட்டிட்டா?"

"கழட்டாம எப்படிப் பாக்குறது?"

மும்தாஜ் எழுந்தாள்.

"அண்ணே, ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினார்.

"நடுங்குதா?"

"இல்லையே."

மூலையில் கிடந்த கார் பேட்டரியைத் தூக்கி வந்து அந்தக் கைகளின்மேல் வைத்தாள். வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனாள்.

பொம்மையன் நின்றார். கீழே வைக்க ரோஷம் விடவில்லை. தோள் எரிந்தது. முழங்கையிலிருந்து விரல்வரை ஆட ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து சகாயம் வந்தான்.

"என்னண்ணே இது, வேண்டுதலா?"

"பேசாதடா."

"பொம்பளைங்க நடந்தே மலை ஏறுறாங்கண்ணே. என் வண்டியப் பாத்தாலே ஒதுங்கிப் போறாங்க." கொஞ்சம் தயங்கினான். "பேச்சியக்கா உங்களக் கேட்டுச்சு."

"என்னன்னு?"

"சும்மாதான். எப்படி இருக்காருன்னு."

பேட்டரி இன்னும் கனத்தது.

மும்தாஜ் டீ டம்ளரோடு வந்தாள். அவருடைய கைகளைப் பார்த்தாள்.

"இப்ப?"

பொம்மையன் கைகளைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். பேட்டரியைப் பொத்தென்று கீழே வைத்துவிட்டு ஓடினார்.

இந்தத் தடவை சாக்கெட்டை அவர் கழற்றவில்லை; பம்பு சுமை இழுக்கும்போதே பார்க்க வேண்டும். அதன் பின்பக்கமாக, பம்பின் இரண்டு வயர்களிலும் மீட்டர் முட்களை மெல்லச் செருகினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பம்பு உறுமிக்கொண்டிருந்தது.

"ஒம்பது!" என்று கத்தினார். "ஒம்பதுதான் காட்டுது மாஸ்டர்!"

"வண்டி பேட்டரில எவ்வளவு?"

"பதிமூணு."

"மிச்சம் எங்க போச்சு?"

அவர் பம்புக்குப் போகிற வயரைத்தான் தடவிக்கொண்டே வந்தார். பேட்டரி, பியூஸ், ரிலே, சாக்கெட். பேட்டரியின் மைனஸோடு வைத்துப் பார்த்தால் எங்கும் குறையவில்லை. மறுபடி ஆரம்பத்துக்கு ஓடினார். வியர்வை கண்ணில் இறங்கியது.

"போறதையே பாக்குறீங்களேண்ணே" என்றாள் அவள். "திரும்பி வர வேணாமா?"

பொம்மையன் மீட்டரின் ஒரு முள்ளை, பம்பிலிருந்து கரண்ட் திரும்புகிற எர்த் வயரிலும், மற்றதைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தார். ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் நாலு காட்டியது.

எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது பின் சீட்டுக்கு அடியில், தரைவிரிப்புக்குக் கீழே, பாடியோடு ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட்டைச் சுற்றித் துரு. துருவின்மேல் யாரோ பூசிய பெயிண்ட்.

தகரம் பளபளக்கும்வரை சுரண்டினார். வயர் முனையில் புது லக் வளையம் போட்டு, புது போல்ட் வைத்து முடுக்கினார். மீட்டர் பதிமூன்றுக்கு வந்தது.

"எடுத்துட்டுப் போ சகாயம்!"

"நில்லுங்க" என்றாள் மும்தாஜ். "வெறும் வண்டிதானே இது?"

மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். அத்தனை பெண்களின் எடை வருகிறவரை ஏற்றினார்கள். பொம்மையன் முன் சீட்டில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னாலிருந்து நீண்ட வயர் அவர் மடிக்கு வந்தது.

முட்டி நின்ற அந்த வளைவு வந்தபோது சகாயம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டான். பொம்மையன் சாலையைப் பார்க்கவே இல்லை. எண் அசையவில்லை. வண்டி மூச்சு வாங்காமல் உச்சிவரை ஏறியது. இறங்கி, இன்னொரு தரமும் ஏறியது.

திரும்பி வந்து குதித்து இறங்கினார்.

"ஏறிடுச்சு மாஸ்டர்! முடிஞ்சுது!"

மும்தாஜ் வேறொரு வண்டியின் டைனமோவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பேச்சியம்மா வீட்டுக்குப் போனீங்களா?"

அவர் மீட்டரின் வயரைச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

"கட்டு பிரிக்கட்டும்னு இருக்கேன். கை சரியானதும் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு..."

"சரியானப்புறம் போயி என்னத்தைப் பாப்பீங்க?"

பொம்மையன் கையைக்கூடக் கழுவவில்லை.

வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தார். எர்த் வயர், துரு, ஒன்பது, பதிமூன்று. அதற்குப் பிறகு மன்னிப்பு. இல்லை, மன்னிப்புதான் முதலில்.

பேச்சியம்மாள் வாசலில் நின்றிருந்தாள். ஒரு கை கட்டுக்குள். மறு கையில் ஈரச் சேலை ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கையால் அதைப் பிழிய முடியாமல் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாயைத் திறந்தார்.

"வாங்கண்ணே" என்று சேலையின் ஒரு முனையை நீட்டினாள். "இறுக்கிப் பிடிங்க."